கச்சான் கொண்டுவந்த பச்சை

காலாண்டுப் பரீட்சைத் தாளெல்லாம் திருத்தி முடித்து, லீவில் நன்றாகத் தூங்கலாம் என்று பாயை விரித்த அன்றுதான் அக்காளின் கடிதம் வந்தது. என் அக்காள் சந்தோஷம் இலங்கையில் தலைமன்னாருக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரையூரில் இருக்கிறாள். பெயர்தான் சந்தோஷம், கடிதம் அப்படி இல்லை. “ஏட்டி கிருபை, இங்க கடல் பச்சையாப் போச்சு. மீனெல்லாம் செத்து ஒதுங்குது. அத்தான் சாயத் தண்ணிய விட்டதுதான் காரணம்னு ஊரே சொல்லுது. அத்தானும் அதையேதான் சொல்லுதாவ. நீ இதெல்லாம் படிச்சவதானே, உடனே வா” என்று எழுதியிருந்தாள்.

அத்தான் ஞானமுத்து எங்கள் சங்கரன்கோவிலில் நூலுக்குச் சாயம் போட்டுக்கொண்டிருந்தவர். இருந்த வீட்டையும் விற்றுவிட்டு அக்காளைக் கூட்டிக்கொண்டு அக்கரைக்குப் போனார். அங்கே சாரம் என்று சொல்கிற கைலிக்கு நூல் சாயம் போட்டுக் கொடுப்பது தொழில். பச்சைக்குத்தான் கிராக்கி. அத்தான் பச்சை போட்டால் எத்தனை வெளுப்புக்கும் அசையாது. அதனால், கடல் பச்சையானதும் ஊர் அவரைத் திரும்பிப் பார்த்ததில் அதிசயம் ஒன்றுமில்லை. அவரே ஒப்புக்கொண்டதைப் படித்ததும் பாயைச் சுருட்டிவிட்டேன். பட்டறையை மூடிவிட்டு ஊருக்குத் திரும்பு என்று சொல்லிவிட்டால் திரும்பி வர இங்கே அவர்களுக்கு ஒரு கூரை கிடையாது.

நான் சயின்ஸ் டீச்சர். பாளையங்கோட்டையில் பிராணி சாஸ்திரம் படித்தவள். கடல் பிராணிகளை அங்கே கண்ணாடிச் சீசாக்களில் பார்த்ததோடு சரி. முப்பது வயதுவரை கடலைக் கண்ணால் கண்டதில்லை. தலைமையாசிரியரிடம் போய்ப் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒரே மைக்ராஸ்கோப்பைக் கேட்டேன். “டீச்சர், இது உடைஞ்சா பிள்ளைங்க வெங்காயத் தோல எதுல பாக்கும்?” என்றார். மடியில் வைத்தே கொண்டுபோவேன் என்று வாக்குக் கொடுத்தேன். அப்படியே கொண்டும் போனேன். வில்லங்கமே அதனால்தான் வந்தது.

அக்கரைக்குப் போகிறவர்களை இக்கரையிலேயே ஒரு முகாமில் நிறுத்தி, குளிக்க வைத்து, துணிமணியை ஆவியில் வைத்து, காய்ச்சல் உண்டா, அம்மை உண்டா என்று பார்த்துத்தான் விடுவார்கள். வரிசையில் என் முறை வந்தது. பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்கிறவளைப் பார்த்தால் எந்த உத்தியோகஸ்தருக்குத்தான் சந்தேகம் வராது?

“பெட்டியில என்னம்மா?”

“கிருமி பாக்குத கண்ணாடி சார்.”

மனுஷர் காதில் முதல் வார்த்தை மட்டும்தான் விழுந்தது. ஓரடி பின்னால் நகர்ந்தார். எனக்குப் பின்னால் வரிசை மூன்றடி நகர்ந்தது. ஓர் அம்மாள் தன் குழந்தையின் மூக்கைப் பொத்தினாள். “இப்ப இதுல கிருமி இல்ல சார், அங்க போய்த்தான் எடுக்கணும்” என்று நான் விளக்கம் வேறு சொன்னேன். என் வாய்க்குத்தான் பூட்டுப் போட வேண்டும். டாக்டர் வரும்வரை ஓரமாக நில் என்று நிறுத்திவிட்டார்கள். மூக்கைப் பொத்தின அம்மாளே மனது கேட்காமல் தள்ளி நின்றபடியே ஓர் இலையில் புளிச்சோறு நீட்டினாள். நன்றாக இருந்தது; எங்கள் ஊர்ப் புளிச்சோற்றை விட உறைப்பு கம்மி.

டாக்டர் வந்து சிரித்தார். மைக்ராஸ்கோப்பில் தம் நகத்தை வைத்துப் பார்த்து, “அடேயப்பா, உழுத வயல் மாதிரி இருக்கே” என்று சொல்லி என்னை விட்டுவிட்டார். அவர் சிரித்தாலும் எனக்கு என் பேரில் எரிச்சல்தான். கண்ணுக்குத் தெரியாத உயிர் எல்லாவற்றுக்கும் நம்மிடம் ஒரே பெயர் கிருமி. வகுப்பில் அந்த வார்த்தையைக் கரும்பலகையில் எழுதினாலே பிள்ளைகள் கையைக் கழுவ ஓடும். கடல் தண்ணீரில் ஒரு கை அள்ளினால் அதில் ஒரு சந்தைக் கூட்டம் இருக்கும், அதில் முக்கால்வாசி யாருக்கும் கெடுதல் செய்யாது, மீனுக்கு அதுதான் சோறு என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

ரயில் கடல் நடுவே பாலத்தில் போனபோது ஜன்னலில் பார்த்தேன். இரண்டு பக்கமும் தண்ணீர். ஐயோ ஆண்டவரே, இவ்வளவு தண்ணீரா! எங்கள் ஊரில் ஒரு குடத்துக்குக் கிணற்றடியில் குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். இத்தனையும் உப்பு என்று நினைக்க ஆற்றாமையாக இருந்தது.

கப்பலில் ஏறக் கூட்டம் முண்டியது. எங்கள் ஊர் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்திலேயே மிதிபடாமல் வந்தவள் நான். முழங்கையை விரித்து ஏறிவிட்டேன். அந்தச் சாமர்த்தியம் கப்பல் நகரும்வரைதான். பிறகு தலை சுற்றி, கம்பியைப் பிடித்துக் குனிந்தவள் அக்கரை வரும்வரை நிமிரவில்லை. பக்கத்தில் நின்ற யாழ்ப்பாணத்து வியாபாரி ஒருவர், “பிள்ளை, தேசிக்காயை மணந்து பாருங்கோ” என்று ஒரு எலுமிச்சம்பழத்தைக் கொடுத்தார். குனிந்தே கிடந்ததால் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். கருநீலமாக ஓடும், திடீரென்று ஓரம் வெட்டினாற்போல ஒரு பச்சைப் பட்டை வரும், ரோடு அகலத்துக்கு, அது முடிந்து மறுபடி நீலம். கடல் என்றால் கோடு கோடாகத்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். யாரைக் கேட்க? கேட்கிற நிலைமையிலா இருந்தேன்!

தலைமன்னாரில் இறங்கியதும் “கச்சான்! கச்சான்!” என்று கூவினார்கள். என்னவோ புதுப் பலகாரம் என்று வாங்கினால், நம்முடைய வறுத்த நிலக்கடலை. இங்கே அதற்குப் பெயர் கச்சான். கடலைக்குப் பிறந்த ஊரில் ஒரு பெயர், கடல் தாண்டினால் ஒரு பெயர். வாந்தி எடுத்த வயிற்றுக்கு அதுவே அமிர்தமாக இருந்தது.

ஊருக்கு மாட்டுவண்டி பிடித்தேன். பாதி வழியில் சக்கரம் மணலில் புதைந்தது. சுற்றிலும் பனையும் கழுதையும். எங்கள் ஊரில் வண்ணாருக்குத்தான் கழுதை, இங்கே கழுதைகள் யாருக்கும் இல்லாமல் தம் பாட்டுக்குத் திரிகின்றன. “இறங்கித் தள்ளுங்கோ டீச்சர், இல்லாட்டி ரெண்டு பேரும் இதிலைதான் குடியிருக்கோணும்” என்றார் வண்டிக்காரர். ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் சக்கரம். வீடு கண்ணில் படுமுன்னே நாற்றம் வந்துவிட்டது.

அக்காள் ஓடிவந்து, “ஏட்டி, வந்துட்டியா” என்று கட்டிக்கொண்டு அழுதாள். மெலிந்திருந்தாள். புட்டும் சொதியும் வைத்தாள். எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடும் விருந்து. இங்கே தேங்காய்ப் பாலைத் தண்ணீராகக் காய்ச்சி, பச்சை மிளகாயைப் போட்டுத் தினமும் சொதி என்கிறார்கள். “அடுத்த வீட்டுல ஒரு மீன் கண்டம் கூடக் குடுக்க மாட்டேங்காவ. எங்கிட்டப் பேச்சும் இல்ல. விதானையார் இந்த வாரத்துக்குள்ள ஒரு முடிவு சொல்லுதேன்னிருக்காரு. பட்டறைய மூடச் சொன்னா நாங்க எங்கன போவோம்?” என்றாள் அக்காள். விதானையார் என்பவர் நம்மூர் மணியக்காரர் மாதிரி. அவர் வாக்குத்தான் அங்கே சர்க்கார் வாக்கு.

அத்தான் சாப்பிட வரவில்லை. சாயத் தொட்டி ஓரமாக உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கைவரை பச்சை.

“நான்தான் மக்கா செஞ்சேன்” என்றார், நான் கேட்பதற்கு முன்பே. “ஒரு தொட்டிச் சாயம் பிடிக்காமத் திரிஞ்சு போச்சு. சாயங்காலம் வாய்க்கால்ல தட்டிவிட்டேன். விடிஞ்சா கடல் பச்ச. வேற என்னத்தச் சொல்ல?”

“ஒரு தொட்டித் தண்ணியா அத்தான் கடல மாத்தும்?”

“ஒரு பொட்டு நீலம் ஒரு அண்டா வெள்ளத் துணிய மாத்துதுல்லா” என்றார்.

காலையில் கரைக்குப் போனேன். தண்ணீர் கீரை மசியலைக் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஓராவும் மணலையும் விலாங்குமாக மீன்கள் வெள்ளை வயிறு தெரியக் கிடந்தன. சற்றுத் தள்ளி சூசை என்பவருடைய பட்டி. நம் பக்கம் ஆட்டுக்குப் பட்டி போடுவதுபோல அங்கே ஆழமில்லாத கடலில் கம்பு நட்டு, வலை கட்டி மீனுக்குப் பட்டி போடுகிறார்கள். உள்ளே வந்த மீன் வெளியே போகாது. பச்சை வந்த அன்று பட்டி நிறைய மீன் இருந்ததாம். வெளியே ஓட வழியில்லாமல் அத்தனையும் செத்துவிட்டது. சூசையும் அவர் சம்சாரமும் நெஞ்சளவு தண்ணீரில் நின்று அழுகின மீனை ஓலைக் கடகத்தில் அள்ளிக் கரையில் புதைத்துக்கொண்டிருந்தார்கள். பட்டியில் மகளின் கல்யாணச் செலவே இருந்தது என்று அக்காள் சொன்னாள். கூப்பிடு தூரத்தில் அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தபடி நின்றார். சூசை அவர் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

நான் ஒரு சீசாவில் தண்ணீர் மொண்டு வந்து, ஒரு சொட்டைக் கண்ணாடியில் விட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தேன். அடியம்மா! கத்தியே விட்டேன். ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக, ஒவ்வொன்றுக்கும் காம்பு பறித்த இடம் போல ஒரு குழி, அதிலிருந்து மெல்ல ஆடும் ஒரு வால். உருண்டைக்குள்ளே பச்சைப் பொடி பொடியாக இன்னும் சின்ன உயிர்கள் நீந்திக்கொண்டிருந்தன. பச்சை நிறம் அந்தக் குடித்தனக்காரர்களுடையது. இதன் படத்தைப் படிக்கிற காலத்தில் ஒரு புத்தகத்தில் பார்த்திருக்கிறேன். பெயர் வாயில் நுழையாது. கோடிக்கணக்கில் பெருகி, பிறகு செத்து அழுகும்போது தண்ணீரில் உள்ள பிராணவாயு தீர்ந்துபோகும், மீன் மூச்சு முட்டிச் சாகும் என்பதும் நினைவுக்கு வந்தது.

சீசாவை மேஜைமேல் வைத்துவிட்டு அக்காளைக் கூப்பிடப் போய்த் திரும்பினால் இன்னொரு வேடிக்கை. பச்சையெல்லாம் பாலில் ஆடை படிவதுபோல மேலே ஏறி நின்றது. அடியில் தண்ணீர் தெளிவு. அத்தானை இழுத்துவந்து காட்டினேன். அவர் போய் இன்னொரு சீசாவில் தம் சாயத்தைக் கலந்து கொண்டுவந்து பக்கத்தில் வைத்தார். அது கலந்தது கலந்தபடியே நின்றது. வெகுநேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாயம் இப்பிடி மேல ஏறி நிக்காதே” என்றார். எனக்கு உயிர் வந்தது. உடனே அவரே தலையை ஆட்டினார். “ஆனா நான் விட்டது திரிஞ்ச சாயம்லா. அது என்ன செய்யும்னு எனக்கே தெரியாது.” இந்த மனுஷனுக்கு யார் வக்கீல் வேலை பார்ப்பது!

சாயங்காலம் விதானையார் வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது. மைக்ராஸ்கோப்பை வைத்து, ஒவ்வொருவராகப் பாருங்கள் என்றேன். இது சாயமில்லை, உயிர், தானாகக் கடலில் பிறப்பது என்று பாடம் நடத்தினேன். சூசை கடைசியாக வந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

“சாயத்திலை புழு வைச்சிருக்கு!” என்றார். “ஊத்தின சாயம் ஊறிப் புழுத்திருக்கு. டீச்சர் வடிவாக் காட்டிப்போட்டா.”

முற்றமே ஆமோதித்தது. ஊத்தினது போதாதென்று புழுக்கவும் வைத்தான் என்றாகிவிட்டது. நான் கொண்டுபோன கண்ணாடியே அத்தான் கழுத்துக்குக் கயிறாகிவிட்டதே என்று அதை எடுத்துப் பெட்டிக்குள் வைக்கப் போனேன். விதானையார் மட்டும் நிதானமாக இருந்தார். “டீச்சர், உது புழுவெண்டே வைப்பம். எங்கையிருந்து வந்தது? அதைச் சொல்லுங்கோ” என்றார்.

நியாயமான கேள்வி. படித்த புத்தகத்தை மனதுக்குள் புரட்டினேன். அந்தச் சமயத்தில் சூசை, “கச்சான் ஓயுற கையோடை வந்தது. முந்தி உப்பிடிக் கண்டதில்லை” என்றார்.

“கச்சான் வித்துத் தீந்துபோச்சா? எனக்கு ரயிலடியில கிடைச்சுதே” என்றேன் நான்.

ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு முற்றம் இடிந்து விழுகிறாற்போலச் சிரிப்பு. சூசையின் சம்சாரம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விதானையார் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “திங்கிற கச்சான் இல்லைப் பிள்ளை, வீசுற கச்சான். மேல்காத்து. வைகாசியிலை துவங்கினால் இப்பதான் ஓயும்” என்றார்.

“எந்தப் பக்கத்திலிருந்து வீசும்?”

சூசை கையை நீட்டினார். சூரியன் இறங்குகிற பக்கம். நான் வந்த பக்கம். எங்கள் ஊர்ப் பக்கம்! ஆடியில் மலைக் கணவாய் வழியாக வந்து சங்கரன்கோவில் தெருவில் மண்ணை வாரி இறைத்து, தறிக்காரர் நூலையெல்லாம் சிக்காக்குகிற காற்று இதுதானே. எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டு இங்கே வந்து கச்சான் என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்று மாதக்கணக்கில் தள்ளினால் கடலின் மேல்தண்ணீர் சும்மாவா இருக்கும்? அதுவும் சேர்ந்து நகரும். அதில் மிதக்கிற இந்த உருண்டைகளுக்கு அந்த வாலால் எதிர்த்து நீந்தவா முடியும்? எருக்கம்பஞ்சு காற்று போன பக்கம் போகிறது. இவை தண்ணீர் போன பக்கம் போகின்றன. எந்த ஓட்டம் எங்கே கொண்டுபோய் விடுகிறதோ, அங்கேதான் அவற்றுக்கு ஊர். கடல் முழுக்க உப்புப்போல் ஒரே சீராக அவை கலந்திருப்பதில்லை.

இதை நினைக்கும்போதே கப்பல் கம்பியில் குனிந்து கிடந்தது நினைவு வந்துவிட்டது. எழுந்தே நின்றேன். “கோடு! பச்சைக் கோடு! நான் வரும்போது நடுக்கடல்ல கண்டேன். கடலே அப்பிடித்தான் இருக்கும்னு நினைச்சிட்டேன். எனக்குக் கடல் தெரியாது!”

யாரும் சிரிக்கவில்லை. நடுக்கடலில் அத்தானுக்கு வாய்க்கால் கிடையாது என்பது எல்லாருக்கும் புரிந்தது.

“கண்டவ ஆர்? சாயக்காரற்றை மச்சாள்” என்றார் சூசை. சொல்லிவிட்டு எழுந்து மேற்கே கடலைப் பார்த்தார். “சரி. நாளைக்கு நான் வள்ளம் விடுறன். என்ரை கண்ணாலை காணோணும். அவரும் வரட்டும்.”

நானும் புறப்பட்டேன். “பொம்பிளையள் வள்ளத்திலை ஏறுறேல்லை” என்று நாலு குரல் சேர்ந்து சொன்னது. கோபம் பொத்துக்கொண்டு வந்தது. கடலுக்குள் கோடிக்கணக்கில் கிடக்கும் உயிர் எல்லாம் ஆணா என்று கேட்க வாயெடுத்தேன்; அக்காள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள். போகட்டும் என்று விட்டேன். இப்போதும் அது எனக்கு ஆறவில்லை.

விடிந்ததும் சூசையிடமும் அத்தானிடமும் சீசாக்களைக் கொடுத்தேன். வாய்க்கால் வாயில் ஒன்று, கரை சின்னதாகத் தெரியும் இடத்தில் ஒன்று, கரை மறைகிற இடத்தில் ஒன்று. அத்தானுக்கு நீச்சல் தெரியாது. ஊர்த் தெப்பக்குளத்தில் கால் நனைக்கவே யோசிக்கிற ஆள். வள்ளத்தில் ஏறும்போது அக்காளைப் பார்த்து, “அழாத” என்றார். அவர் முகம்தான் அழுகிறாற்போல இருந்தது.

நாங்கள் மணலில் காத்திருந்தோம். நான் நடுவில், அக்காள் ஒரு பக்கம், சூசையின் சம்சாரம் மறுபக்கம். அந்தப் பெண் போத்தலில் தேத்தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். எனக்கு ஊற்றி, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியும் கொடுத்தாள். நம் கருப்பட்டிதான், மணம் மட்டும் வேறு. நான் அதைப் பாதியாக உடைத்து அக்காளிடம் நீட்டினேன். “நான் குடுத்தது டீச்சருக்கு” என்றாள் அவள், கடலைப் பார்த்தபடியே. அக்காள் கையை மடக்கிக்கொண்டாள். நானும் மீதியை முந்தானையில் முடிந்துவைத்தேன்.

வெயில் தாழ்ந்தபோது வள்ளம் வந்தது. அத்தானைக் கைத்தாங்கலாக இறக்கினார்கள். அவர் முகமும் கடல் நிறத்தில் இருந்தது. சூசை வள்ளத்தைக் கட்டக்கூட நிற்கவில்லை. சீசாக்களைத் தாமே கொண்டுபோய் விதானையார் மேஜையில், எடுத்த வரிசைப்படி வைத்தார். கலங்கல் அடங்கும்வரை ஊரே மேஜையைச் சுற்றி நின்றது.

வாய்க்கால் வாயில் எடுத்ததில் மேலே ஒரு நூல் கனத்துக்குப் பச்சை. அடுத்ததில் ஒரு விரல். கடைசிச் சீசாவில் கிட்டத்தட்டப் பாதி. சாயம் ஊற்றின இடத்தில் கொஞ்சம், ஊற்றாத இடத்தில் கொள்ளை. ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடியில் வைத்தேன். எல்லாவற்றிலும் அதே உருண்டை, அதே வால்.

பிறகு சூசை பேசினார். “மேற்கை கண்ணுக்கு எட்டின மட்டும் கோடு கோடாக் கிடக்கு. ஒரு கோட்டுக்குள்ளை வள்ளத்தை விட்டுப்போட்டுச் சும்மா நிண்டம். பாயும் இறக்கி, துடுப்பும் போடேல்லை. வள்ளமும் பச்சையும் ஒண்டாக் கரையைப் பாத்து வருகுது.” அதற்கு மேல் நான் எதைச் சொல்ல? ஏன் கோடு கோடாக என்று ஒருவர் கேட்டார். இரண்டு வாய்க்கால் தண்ணீர் வந்து சேருகிற இடத்தில் செத்தையும் நுரையும் வரிசையாக ஒதுங்குமே, கடலிலும் ஓட்டங்கள் சேரும் இடத்தில் மிதக்கிறதெல்லாம் அப்படி ஒதுங்கும் என்றேன். தலையாட்டினார்கள்.

விதானையார் தீர்ப்புச் சொன்னார். “இது கடல் கொண்டந்தது. ஞானமுத்தர் இருக்கலாம், தொழில் செய்யலாம். ஆனால் இனிமேல் சாயத்தை வாய்க்காலிலை விடப்படாது. குழி வெட்டி ஊத்தோணும்.” அது சரியான பேச்சு, சாயமும் ஒன்றும் தீர்த்தமல்ல. பிறகு என்னைப் பார்த்து, “உங்கட ஆக்கள் வரேக்கை அந்த முகாமிலை வடிவாச் சோதிச்சு விடுவினம். இது ஒருத்தரையும் கேளாமல் வந்திருக்கு” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அக்காள் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதாள், இந்த முறை வேறு அழுகை.

சூசை சிரிக்கவில்லை. “அப்ப நான் ஆரைப் பிடிச்சுக் கேக்கிறது?” என்றார்.

விதானையார் விளக்கைத் தூண்டுவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு மனுஷனின் பட்டியில் மகள் கல்யாணமே அழுகிக் கிடக்கிறது. நேற்றுவரை திட்டவாவது ஓர் ஆள் இருந்தான். அவனையும் நான் பறித்துக்கொண்டேன். அவர் சீசாக்களைத் தாண்டி இறங்கிப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானை அக்காள் கெஞ்சி உட்காரவைத்தாள். இரண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டார். அவ்வளவுதான், எல்லாம் நல்லபடி முடிந்தது, அடுத்த கப்பலில் ஊர் போய்ச் சேர வேண்டும், போகும்போது குனியவே கூடாது என்று நினைத்துக்கொண்டு நான் படுத்தேன்.

காலையில் அத்தானைக் காணோம். அக்காளுக்கு உயிரே இல்லை. “பழையபடி என்னத்தையும் மனசுல போட்டுக்கிட்டாவளா?” என்று அலறிக்கொண்டு கரைக்கு ஓடினாள்; நான் பின்னாலேயே ஓடினேன்.

பட்டிக்குள் நின்றுகொண்டிருந்தார். நீச்சல் தெரியாத மனுஷன், நெஞ்சளவு பச்சைத் தண்ணீரில், ஒரு கையால் கம்பைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் அழுகின மீனை அள்ளிக் கடகத்தில் போட்டுக்கொண்டிருந்தார். எதிரே சூசை. கடகம் நிறைந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.

“என்ன அத்தான் இது! சொல்லிட்டு வரக்கூடாதா? இத்தன நாளும் தூரத்துல நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருந்திய?” என்று கத்தினேன்.

“இத்தன நாளும் நான் வந்து ஒரு மீனத் தொட்டிருந்தா, செஞ்சவன் வந்துட்டான் பாருன்னுல்லா சொல்லியிருப்பாவ” என்றார் அத்தான், மூச்சு வாங்கியபடி. “எத்தன தரம் பாதி தூரம் வந்துட்டுத் திரும்பியிருக்கேன் தெரியுமா? இப்பதான் மக்கா, நான் செய்யலன்னு ஆயிப்போச்சு. இப்ப வரலாம்லா.”

சூசை கடகத்தைக் கொட்டிவிட்டு நிமிர்ந்தார். அத்தானைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

“கதைச்சது போதும் டீச்சர். குழிக்குக் கொண்டுபோற இந்தக் கடகத்தை ஒருக்காப் பிடியுங்கோ. என்ரை மனுசிக்குக் கை ஏலாமல் போச்சு.”

அவர் சம்சாரம் குழியோரம் உட்கார்ந்திருந்தாள். நான் சேலையை இழுத்துச் செருகுவதற்குள் அக்காள் என்னைத் தாண்டிப் போய்க் கடகத்தின் ஒரு காதைப் பிடித்தாள். அந்தப் பெண் அவளை ஒரு முறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு எழுந்து வந்து மறுகாதைப் பிடித்தாள்.